துணிவும் துணையும்

தொழில் தொடங்குவோர்க்குத் துணிவு வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அத்துணிவு எத்தகையது? அமெரிக்க மனோதத்துவ அறிஞர் டேவிட் மக்லெலண்ட், வளையம் எறியும் விளையாட்டைக் கொண்டு இதனை விளக்கினார். சிலர் முளையருகே நின்று எறிவர். சிலர் வெகு தொலைவில் நின்று அதிர்ஷ்டத்தை நம்புவர். சாதனை வேட்கை மிக்கோரோ, முயன்றால் எட்டக்கூடிய நடுத்தொலைவையே தேர்வர். அளவறிந்து துணிவதே தொழில் வளர்ப்போரின் இயல்பு என்பது அவர் கண்ட முடிவு.

இதற்குப் பெங்களூரில் நல்ல சான்றொன்று உண்டு. இந்நகரில் வாழ்ந்த குஜராத்திக் குடும்பமொன்றில் 1953-ல் பிறந்தவர் கிரண் மஜும்தார் ஷா. ஆஸ்திரேலியா சென்று பீர் வடிக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தார். நாடு திரும்பியதும், அது ஆடவர் தொழில் என்று மதுவாலைகள் அவருக்குப் பொறுப்பளிக்க மறுத்தன. அவர் கற்றதைக் கைவிடவில்லை. வேறு வழியில் திருப்பினார். 1978-ல் அயர்லாந்து நிறுவனமொன்றின் கூட்டுடன், 10,000 ரூபாய் முதலீட்டில், வாடகை வீட்டுக் கார் கொட்டகையில் பயோகான் இந்தியாவைத் தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து பப்பெயின் என்னும் நொதியையும், மீனின் காற்றுப்பையிலிருந்து ஐசிங்கிளாஸ் என்னும் பொருளையும் எடுத்து விற்பதே தொடக்கப்பணி. இரண்டும் பீரைத் தெளிவிக்க உதவுவன. அவர் நன்கறிந்த துறைக்கு உரியன. இதுவன்றோ நடுத்தொலைவு!

மனவுறுதி மட்டும் போதுமாயிற்றா? இல்லை. வயதோ 25, தொழிலோ எவரும் அறியாதது, அதிலும் அவர் பெண். வங்கிகள் கடன் தரத் தயங்கின. வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. முடிவில் வங்கியாளர் ஒருவர் நம்பிக் கடன் அளித்தார். ஓராண்டுக்குள் நொதிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. பின்னர் அந்நிறுவனம் மருந்துத் துறையில் கால்வைத்து இன்சுலினும் தயாரித்தது. 2004-ல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இவ்வியல்புகள் பிறவியிலேயே அமைந்தவை என்று எண்ண வேண்டுவதில்லை. 1964-ல் ஆந்திரத்துக் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு மக்லெலண்டின் முயற்சியால் பயிற்சியளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிட அதிகமாகத் தொழிலை விரிவாக்கியது தெரியவந்தது. ஆகவே துணிவைக் கற்பிக்கலாம்.

பிறந்த ஊரைவிட்டு வாழும் நமக்கு ஈடு வைக்க நிலமோ, பரிந்துரைக்கச் சுற்றமோ அருகில் இருப்பதில்லை. நம் வீட்டுப் பெண் ஒரு தொழில் யோசனையுடன் வரும்போது, “உனக்கேன் இந்த வேலை?” என்று கேட்பது எளிது. “முதல் வாடிக்கையாளர் யார்? எவ்வளவு இழந்தால் தாங்கலாம்?” என்று கேட்டு, கணக்கெழுத உடன் அமர்வோமாயின், அவளுக்கு முதல் துணை வீட்டிலேயே கிடைத்துவிடும்.