மைனஸ் 8, மைனஸ் 6... எது பெரியது? ஒரு லாட்டரியையே நிறுத்திய கணக்கு!

2007-ல் பிரிட்டனின் தேசிய லாட்டரியை நடத்திவந்த கேம்லாட் நிறுவனம், ‘கூல் கேஷ்’ என்ற சுரண்டல் லாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். சீட்டில் ஒரு வெப்பநிலை அச்சாகியிருக்கும். சுரண்டினால் வரும் வெப்பநிலை அதைவிடக் குறைவாக இருந்தால் பரிசு.

சிக்கல் மைனஸ் எண்களில் வந்தது. மைனஸ் 8-ஐவிடக் குறைவான எண் வரவேண்டிய சீட்டில், ஒருவருக்கு மைனஸ் 6, மைனஸ் 7 வந்தன. ‘8-ஐவிட 6 சின்னதுதானே, பரிசு எங்கே?’ என்பது அவர் வாதம். இப்படிப் பலரும் குழம்பியதால், அறிமுகமான வாரத்திலேயே அந்த லாட்டரி திரும்பப் பெறப்பட்டது.

எங்கே சறுக்குகிறோம்?

சின்ன வயதிலிருந்தே 6-ஐவிட 8 பெரியது என்று மனதில் பதிந்துவிடுகிறது. மைனஸ் வந்ததும் மூளை குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நல்ல மருந்து, ஆறாம் வகுப்பில் படித்த எண்கோடு.

ஒரு கோடு போடுங்கள். நடுவில் 0. வலப்பக்கம் சம இடைவெளியில் 1, 2, 3. இடப்பக்கம் மைனஸ் 1, மைனஸ் 2, மைனஸ் 3. விதி ஒன்றே ஒன்றுதான்: இரண்டு எண்களில் எது வலப்பக்கம் இருக்கிறதோ, அதுவே பெரியது. மைனஸ் 8, மைனஸ் 6-க்கு இடப்பக்கம் இருக்கிறது. ஆக, மைனஸ் 8-தான் சிறியது. 0-லிருந்து அது அதிக தூரத்தில் இருப்பது வேறு விஷயம். தூரம் வேறு, மதிப்பு வேறு.

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ், 1685-ல் வெளியான தன் இயற்கணித நூலில் இதை நடந்தே காட்டச் சொன்னார். ஒருவர் 5 கஜம் முன்னால் போய், 8 கஜம் பின்னால் வந்தால் எங்கே நிற்பார்? கிளம்பிய இடத்துக்கு 3 கஜம் பின்னால். அதாவது, மைனஸ் 3.

இதே கோட்டை நிமிர்த்தி வைத்தால் அதுதான் தெர்மாமீட்டர். லிஃப்டில் தரைத்தளத்தை 0 என்று வைத்தால், இரண்டாவது பேஸ்மென்ட் மைனஸ் 2.

ஆபீஸிலும் உதவும்

வாடிக்கையாளர்களின் இருப்பு 400, மைனஸ் 2,000, 0, மைனஸ் 500 என இருக்கிறது. எக்செல்லில் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் மைனஸ் 2,000, மைனஸ் 500, 0, 400 என்று வரும். முதலில் நிற்பவர்தான் அதிகம் பாக்கி வைத்திருப்பவர். மைனஸைக் கவனிக்காமல் விட்டால், 2,000 வைத்திருக்கும் நல்ல வாடிக்கையாளர்னு அவரையே நினைத்துவிடலாம்!

இன்னொரு விஷயம். எக்செல்லில் எண்கள் ‘டெக்ஸ்ட்’ ஆகப் பதிவாகியிருந்தால் 1, 10, 2 என்று வரிசை மாறும். அகராதி போல முதல் இலக்கத்தை மட்டும் முதலில் பார்ப்பதே காரணம். அவற்றை எண்களாக மாற்றிவிட்டு வரிசைப்படுத்தினால், எண்கோட்டில் இருக்கும் அதே வரிசை கிடைத்துவிடும்.