முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போடலாமா?

சைக்கிள் டயரில் ஒரு முறை காற்று இறங்கினால் அதைத் தற்செயல் என்று சொல்லலாம். அதே சக்கரத்தில் ஒரு மாதத்துக்குள் நான்கு முறை இறங்கினால், அதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் இன்னும் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆயினும் இந்த விஷயத்தில் நாம் கிரக பலனை நம்புகிறவர்களைப் போலவே நடந்துகொள்கிறோம். "இந்த வண்டிக்கு ஏழரை நாட்டுச் சனி பிடித்திருக்கிறது" என்று நொந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறோம். ஒட்டுப் போட்டு வாங்கி வருகிறோம். மூன்றாம் நாள் மறுபடியும் தள்ளுகிறோம்.

இது அற்ப விஷயம் என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். மோட்டார் வாகனம் உள்ளவர்களுக்கு அற்பந்தான். ஆனால் விடியுமுன் பால் கறந்து டவுனுக்குக் கொண்டு செல்லும் பால்காரருக்கும், கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் செல்லும் வியாபாரிக்கும் சைக்கிளே மூலதனம். அவர்களுக்கு ஒரு பஞ்சர் என்பது அரை நாள் வரும்படி. பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் மாணவிக்கோ அது ஒரு நாள் படிப்பு.

1991, 92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள். 2001-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளி மாணவியருக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கும் திட்டம் தொடங்கி, பின்னர் விரிவடைந்தது. ஓட்டக் கற்றாயிற்று, வண்டியும் கைக்கு வந்தாயிற்று. காற்று இறங்கினால் ஏன் இறங்கியது என்று பார்க்க எத்தனை வீடுகளில், எத்தனை பள்ளிகளில் கற்றுக் கொடுக்கிறோம்?

கழற்றக்கூடிய டயர் வந்த கதை

காற்றடைத்த டயர் முதலில் தோன்றியது சைக்கிளுக்காக அன்று. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே, வண்டிச் சக்கரங்களுக்காக, அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. பிறகு பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடவென்று ஆடுவதைக் கண்டு, 1887-இல் ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். மறு வருஷம் காப்புரிமையும் பெற்றார். தாம்ஸன் முன்பே பெற்றிருந்தது தெரிய வந்ததும் அந்த உரிமை செல்லாமற் போனது வேறு கதை.

அந்தக் காலத்து டயரைச் சக்கரத்தோடு பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிரித்தெடுக்கப் பல மணி நேரம். திரும்ப ஒட்டியது காய்வதற்கு ஓர் இரவு. பிரான்ஸ் தேசத்தில் கிளேர்மோன்-ஃபெரான் நகரத்து மிஷெலின் சகோதரர்கள் இந்தத் தொல்லையைக் கண்டு, கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் செய்தார்கள். அதே ஆண்டில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் அந்த டயரைப் பூட்டி ஓட்டி வெற்றி பெற்றார். மறு வருஷம் மிஷெலின் சகோதரர்களே ஒரு பந்தயம் நடத்தி, பாதையில் தாங்களே ஆணிகளை இறைக்கச் செய்தார்களாம்! தங்கள் டயர் பஞ்சரே ஆகாது என்று அவர்கள் பெருமையடிக்கவில்லை. ஆனால் விரைவில் கழற்றிச் சரி செய்துகொள்ளலாம் என்று காட்டினார்கள். கழற்ற முடிகிற டயருக்குள்ளே பார்க்கவும் முடியும். நாம் டியூபை மட்டும் உருவி ஒட்டுப் போட்டுவிட்டு, டயருக்குள் எட்டிப் பாராமல் மாட்டிவிடுகிறோம்.

முதல் சோதனை வால்வில்

காற்று ஒரேயடியாக இறங்காமல், இரவு அடைத்தது காலையில் பாதியாக நின்றால், டயரைக் கழற்றுமுன் வால்வைச் சோதிக்க வேண்டும். நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிள்களில் பெரும்பாலும் காணப்படும் வால்வுக்குள் ஒரு சிறு ரப்பர்க் குழல் இருக்கிறது. கடைகளில் வால்டியூப் என்பார்கள். வெயிலிலும் நாள்பட்டும் அது வெடித்து இளகிப் போனால் காற்று கசியும். வால்வின் வாயில் ஒரு துளி சோப்பு நீரை வைத்துப் பாருங்கள். குமிழி கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மிகச் சொற்பச் செலவில் புதுக் குழல் மாட்டிவிடலாம். இதை அறியாமல் நல்ல டியூபைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

வால்வில் குற்றமில்லையென்றால் டயரைக் கழற்ற வேண்டியதுதான். ஆனால் கழற்றுமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும். வால்வுக்கு நேராக டயரின் மீது சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபின் எந்தப் பக்கம் சங்கிலிப் பக்கமாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டை தெரியும். வால்விலிருந்து அந்த ஓட்டை எத்தனை சாண் தூரம் என்று அளந்து, டயரிலும் கோட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் தேடினால் முள் இருக்கும் இடம் தானே அகப்படும்.

ஓட்டையே சாட்சி

டியூபின் ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தே அதன் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தரையை நோக்கிய வெளிப்பக்கத்தில் ஊசித் துளை போல் இருந்தால் முள், ஆணி, கண்ணாடித் துண்டு இவற்றில் ஒன்று. நம் நாட்டு மண் பாதைகளில் நெருஞ்சியைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். சீமைக் கருவேல முள்ளோ அதைவிடப் பொல்லாதது. அது டயருக்குள் ஏறி முனை ஒடிந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சக்கரத்தின் மேல் பாரம் ஏறும்போது மட்டும் அந்த முனை உள்ளே எட்டிப் பார்த்துக் குத்தும். ஒட்டுப் போட்ட டியூப் மூன்றாம் நாள் மறுபடியும் இறங்குவதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே. டயரின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் துடைத்தால், முள் முனை இருக்கும் இடத்தில் துணி சிக்கும். வெறுங்கையால் தடவினால் விரல் போகும். சிக்கிய இடத்தை மடக்கிப் பிடித்து, ஊசியாலோ குறட்டாலோ முனையை வெளியே தள்ளிவிட வேண்டும்.

ரிம்மை ஒட்டிய உட்பக்கத்தில் ஓட்டை இருந்தால் சாலையில் குற்றமில்லை. குற்றம் சக்கரத்திலேயே இருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பியின் முனை நீண்டிருக்கும், அல்லது அதை மூடும் ரிம் நாடா விலகியோ கிழிந்தோ போயிருக்கும்.

பக்கம் பக்கமாக இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் அதற்குச் சைக்கிள்காரர்கள் பாம்புக்கடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் பல் பதிந்தது போலவே இருக்கும். காற்றுக் குறைந்த டயர் கல்லிலோ குழியிலோ மோதும்போது, டியூப் தரைக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்குவதால் வருவது அது. டயரைத் துழாவினால் முள் கிடைக்காது. காற்றைச் சரியாக வைத்தாலே தீரும்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைவால் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபை இழுத்திருக்கிறது. வால்வு நிமிர்ந்து நில்லாமல் சாய்ந்திருப்பதே இதற்கு முன்னறிவிப்பு. அங்கே ஒட்டு நிற்பதில்லை. டியூபை மாற்றுவதே வழி.

ஒரு மாணவியின் சைக்கிள்

நாம் பணி செய்யும் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு மாதத்தில் ஐந்து நாள் முற்பகல் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, ஐந்து நாளும் சைக்கிளின் பின் சக்கரத்தில் காற்றில்லை என்றாள். அவள் ஊரில் சைக்கிள் கடை கிடையாது. பஸ்ஸும் வேளைக்கு வருவதில்லை. அவள் தந்தை கூலி வேலை செய்பவர். "ஒட்டுக்கும் காசு, பாடமும் போச்சு. இனிமேல் எதற்கு சார் இந்த அலைச்சல்? வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நம்மிடமே சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பள்ளியின் வேப்பமரத்தடியில் அந்தச் சக்கரத்தைக் கழற்றினோம். டியூபில் ஐந்து ஒட்டுகள் இருந்தன. ஐந்தும் உட்பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே இருந்தன. "சாலையிலே கிடக்கிற முள், டயரைச் சுற்றிக்கொண்டு வந்து உள்பக்கமாகவா சார் குத்தும்?" என்று கேட்டவள் அந்த மாணவியேதான். ரிம் நாடாவை நீக்கிப் பார்த்தாள். அது ஓரிடத்தில் இற்றுப் போய், கம்பி முனை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அரத்தால் ராவி மழுக்கி, பழைய டியூபை நாடாவாக வெட்டி ரிம்மின் மேல் சுற்றினோம். அந்த வருஷப் பரீட்சை முடியும்வரை அந்தக் கோளாறு திரும்பி வரவில்லை.

ஐந்து முறை ஒட்டிய கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. "ஒட்டுப் போடுங்கள்" என்று கேட்டார்கள், நன்றாகவே போட்டார். "எதனால் என்று பாருங்கள்" என்று கேட்டு, அந்த வேலைக்கும் கூலி கொடுத்தால் அவரும் பார்த்திருப்பார்.

ஒட்டுப் போடும் முறை

காரணத்தை நீக்கிய பிறகு ஒட்டு. டியூபை நன்றாக உலர்த்தி, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். அதன் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. தடவியவுடன் ஒட்டை வைத்து அழுத்துகிறவர்களே அதிகம். சொல்யூஷனில் ரப்பரைக் கரைத்திருக்கும் திரவம் ஆவியாகப் போகும்வரை ஒட்டு பிடிக்காது. ஐந்து நிமிஷம் போல் காத்திருந்து, பளபளப்பு மங்கிய பின்பு வைத்து அழுத்தினால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். டயரைத் திரும்ப மாட்டும்போது கூடியவரை கையாலேயே மாட்டுவது நலம். திருப்புளியைக் கொண்டு நெம்பினால், போட்ட ஒட்டுக்கு அருகிலேயே புதிய ஓட்டை உண்டாகும்.

இனி வருமுன் காப்பது. ரப்பர் பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் காற்றை மெல்ல மெல்ல வெளியே விடும் தன்மையுடையது. 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டில் என்னும் செயற்கை ரப்பரில் செய்த டியூப், இயற்கை ரப்பரைக் காட்டிலும் அதிக நாள் காற்றைக் காக்கும்; அதுவும் என்றென்றைக்கும் காக்காது. ஆகவே வாரம் ஒரு முறை பம்பை எடுக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டயரின் விலாவிலேயே அச்சிட்டிருக்கும். ஓட்டுகிறவரின் பாரமும் காரியரின் பாரமும் பின் சக்கரத்தின் மேலேயே அதிகம் விழுவதால், அதை முன் சக்கரத்தைவிடச் சற்றுக் கெட்டியாக வைக்க வேண்டும். டயர் தேய்ந்து நூல் தெரிந்தால் புது டியூப் வாங்கிப் பயனில்லை. டயரையே மாற்ற வேண்டும். டியூபுக்குள் விடும் பசைத் திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. சிறு முள் துளையை அவை அடைக்கும். கம்பி முனைக்கும் பாம்புக்கடிக்கும் அவை மருந்தாகா.

ஒரு பம்பு, இரண்டு டயர் லீவர், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், ஒரு சாக்கட்டி, பழந்துணி: இவ்வளவும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும், பம்பு நீங்கலாக. சைக்கிள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்த டப்பா இருக்க வேண்டும். அது அண்ணனுடைய அதிகாரத்தில் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. வண்டியை ஓட்டுகிற பெண்ணின் கையிலேயே இருக்கட்டும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அதுவரையில், அடுத்த முறை கடைக்குப் போக நேர்ந்தால், ஒட்டுப் போடச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஓட்டை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"