பழைய லோரியும் புதிய ஆக்சிஜன் சென்சாரும்

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில், திரிங்காப்பின் பண்ணைச் சரிவுகளிலிருந்து கோசும் தக்காளியும் சுமந்து இறங்கும் வண்டிகளுள், ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவையும் உண்டு. அவ்வண்டிகளில் ஒன்று திடீரென்று பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கத் தொடங்கி, மேட்டில் இழுவை குன்றி, என்ஜின் விளக்கையும் ஏற்றிக் காட்டுமானால், ‘ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுங்கள், அண்ணே’ என்னும் யோசனை பட்டறையில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. எந்தச் சென்சார் என்று கேட்பவர் மட்டும் குறைவு. செலவான பணம் வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அறிந்து, என்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்கு அறிவிப்பதே இச்சிறு சாதனத்தின் தொழில். ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், 14.7 பங்கு காற்று சேர்ந்தால் எரிதல் ஏறக்குறைய பூரணமாகிறது. இந்த விகிதத்தைக் காப்பதற்காக ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய சென்சார், 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. அதன் உள்ளே இருக்கும் ஸிர்கோனியாப் பீங்கான், சுமார் 300 டிகிரி உஷ்ணத்துக்கு மேல் சூடேறியதும், வெளிக்காற்றுக்கும் புகைக்கும் இடையே பிராணவாயுவில் உள்ள வேற்றுமைக்கேற்ப மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவுக்கு உயர்ந்தும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்தும் அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும்.

மலைவாசிகளுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாதலால், சமவெளிக்கென்று திருத்திய கார்புரேட்டர் மலையேறியதும் பெட்ரோலை மிகையாகக் கொடுத்துக் கரும்புகை கக்குகிறது. எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் பிற்கால என்ஜினிலோ, அந்த மிகையைச் சென்சாரின் சொற்படி கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்கிறது. ஆகவே, காலையில் மலையிறங்கிச் சிலாயாங் சந்தைக்குப் போய் இரவில் மலையேறும் லோரிக்கு, இந்தச் சாதனம் பழுதுபட்டால் அதன் நஷ்டம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஆயினும், வாங்கும் முன் எழ வேண்டிய முதற்கேள்வி, ‘என் வண்டியில் இது இருக்கிறதா?’ என்பதே. கேமரன் மலையின் அடையாளமாகிவிட்ட பழைய லேண்ட் ரோவர்களில், கார்புரேட்டர் என்ஜின் கொண்டவற்றிலும் பழைய முறை டீசல் என்ஜின் கொண்டவற்றிலும் இதற்கு வேலையே இல்லை. அவற்றில் புகை மிகுந்தால் காரணத்தைக் கார்புரேட்டரிலோ, காற்று வடிகட்டியிலோ, டீசல் பம்பிலோதான் தேட வேண்டும்.

இருக்கிறதென்று தெரிந்த பின்னும், வண்டியின் பதிவுச் சீட்டில் உள்ள ஆண்டை மட்டும் நம்பிப் பொருள் கேட்பது ஆபத்து. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரப்படும் ஹாஃப்கட் வண்டிகளின் என்ஜின்கள் மலேசியாவில் தாராளமாகப் புழங்குவதால், லோரி ஒரு வருஷத்தது, என்ஜின் வேறொரு வருஷத்தது என்பது அபூர்வமன்று. என்ஜின் மீது பொறித்துள்ள குறியீட்டையும், கம்ப்யூட்டர்ப் பெட்டியின் எண்ணையும், கழற்றிய பழைய சென்சாரின் உடலில் பதிந்துள்ள பாக எண்ணையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே நேர்வழி.

‘மரை சேர்ந்துவிட்டது, போதும்’ என்று பூட்டிவிடுவதால் விளையும் கேடு பெரிது. ஒற்றைக் கம்பியுடைய சென்சார் புகையின் உஷ்ணத்தாலேயே சூடேறுவது; மூன்று, நான்கு கம்பிகள் உடையது உள்ளே தனி ஹீட்டர் வைத்தது. சில பழைய நிஸான், ஜீப் வண்டிகளில் உள்ள டைட்டானியா வகை, மின்னழுத்தத்தை உண்டாக்காமல் மின்தடையை மாற்றிக் காட்டுவது. காற்று–எரிபொருள் விகிதத்தையே அளந்து சொல்லும் பிற்கால வகையோ, தோற்றத்தில் நான்கு கம்பிச் சென்சாரைப் போலவே இருந்தாலும், பேசுகிற மின்மொழி முற்றிலும் வேறு. எதை எதிர்பார்த்துக் கம்ப்யூட்டர் அமைக்கப்பட்டதோ, அதைத் தவிர வேறெதையும் அது புரிந்துகொள்ளாது.

விலை மலிவென்று, கம்பிகளை வெட்டி ஒட்டிக்கொள்ளும் பொதுவகைச் சென்சாரை வாங்குவோர், கம்பியின் நிறத்தில் ஏமாறுவதுண்டு. போஷ் சென்சாரில் பொதுவாக வெள்ளைக் கம்பிகள் இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பு சமிக்ஞைக்கு, சாம்பல் நிறம் தரைக்கு. டென்ஸோவில் கறுப்புக் கம்பிகள் இரண்டுமே ஹீட்டருக்கு, நீலம் சமிக்ஞைக்கு, வெள்ளை தரைக்கு. கறுப்புக்குக் கறுப்பு என்று இணைத்தால், சமிக்ஞை போக வேண்டிய வழியில் ஹீட்டரின் மின்சாரம் பாயும். கம்பி இழைகளின் இடைவெளி வழியாகவே பல சென்சார்கள் வெளிக்காற்றை உள்ளிழுப்பதால், இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் தகாது. அழுத்திப் பிடிக்கும் இணைப்பே உரியது. வசதியுள்ளவர், தம் வண்டிக்கென்றே இணைப்பியோடு வரும் சென்சாரை வாங்குவது நலம்.

மாற்றத் துணியுமுன் சோதனைகள் சிலவும் அவசியம். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால், அதன் வழியே நுழையும் வெளிக்காற்றைக் கண்டு சென்சார் பெட்ரோல் போதவில்லையென்று அறிவிக்க, கம்ப்யூட்டரும் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றும். அங்கே குற்றவாளி குழாயேயன்றிச் சென்சார் அன்று. ஹீட்டரின் ஃபியூஸையும், மல்டிமீட்டர் வைத்து ஹீட்டர் கம்பிகளின் தொடர்ச்சியையும் பார்க்க வேண்டும். கழற்றிய முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகையும், வெண்மை படிந்திருந்தால் சிலிகான் பசையோ ரேடியேட்டர் நீரோ உள்ளே சென்றிருப்பதும் சந்தேகத்துக்குரியவை. அக்காரணத்தை நீக்காமல் புதியதைப் பூட்டினால், அதுவும் பழையது போன வழியே போகும்.

வணிக லோரிகளை ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோகும் உரிமையாளர், அதற்கு முந்தின நாள் அவசர அவசரமாக ஏதோவொரு சென்சாரைத் தேடுவதைவிட, பாக எண்ணை இப்போதே குறித்துப் பதிவுச் சீட்டோடு வைத்துக்கொள்வாரானால், கடைக்காரரின் ஊகத்துக்குத் தம் பணத்தைப் பணயம் வைக்கும் நிலை அவருக்கு நேராது.