வாங்கின வீட்டு சுவரில் புதையல்... யாருக்கு சொந்தம்? பத்திரத்தில் ‘நிதி நிட்சேபம்’ இருந்தா போதுமா?

பழைய வீட்டை விலைக்கு வாங்கியாச்சு. பத்திரமும் பதிஞ்சாச்சு. இடிக்க ஆள் விட்டால், சுவருக்குள்ளே இருந்து ஒரு செம்பு உருண்டு விழுகிறது. உள்ளே தங்கக் காசு!

இது யாருக்கு? வீடு வாங்கினவருக்கா? விற்றவருக்கா? கடப்பாரை போட்ட கொத்தனாருக்கா? இல்லை அரசாங்கத்துக்கா?

"என் வீடு, என் சுவர், என் காசு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். சட்டம் அப்படி சொல்லவில்லை. வீட்டை வாங்கினவர், அதற்குள் ஒளிந்திருப்பதையும் வாங்கினதாக ஆகாது.

145 வருஷத்துக்கு மேலான சட்டம்

வெள்ளைக்காரன் காலத்தில், 1878-ம் ஆண்டு வந்த இந்திய புதையல் சட்டம்தான் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு சேர்ந்து நிற்கும் கட்டிடத்துக்குள்ளோ மறைத்து வைக்கப்பட்ட, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். அதனால் தரை, சுவர், கிணறு எல்லாம் இதில் அடங்கும்.

கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தகவல் கொடுக்க வேண்டும். 1878-ல் 10 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு டீக்கே பத்தாது. அப்படியென்றால் எது கிடைத்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என்ன பொருள், எவ்வளவு மதிப்பு இருக்கும், எந்த இடத்தில், எந்த தேதியில் கிடைத்தது என்று எழுதித் தர வேண்டும். பொருளை பக்கத்தில் உள்ள அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால், கேட்கும்போது கொண்டு வந்து காட்டுவதாக கலெக்டரிடம் ஜாமீன் கொடுக்க வேண்டும்.

4 மாதம் காத்திருக்கணும்

தகவல் போனதும் கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். "இந்தப் பொருள் எங்களுடையது என்பவர்கள் இந்த தேதியில் வந்து சொல்லலாம்" என்பதுதான் அறிவிப்பு. அந்த தேதி 4 மாதத்துக்கு குறையாமலும், 6 மாதத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். அன்றைக்கு வராமல் விட்டவர்களுக்கு உரிமை போய்விடும்.

பிறகு விசாரணை. யார் எடுத்தது? எப்படி கிடைத்தது? ஒளித்து வைத்தது யார்? கடைசி கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது.

விற்றவர் வந்து கேட்டால்?

100 வருஷ கணக்குதான் இங்கே முக்கியம். வீட்டை விற்றவரின் அப்பா 1965-ல் திருட்டு பயத்தில் நகையை சுவரில் வைத்துப் பூசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் சொல்லாமலே இறந்துவிட்டார். பிள்ளைகளும் விவரம் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் கலெக்டர் முன்னால் வந்து, "இது எங்க அப்பா வைத்தது" என்று சொல்கிறார்கள். அதை நம்ப காரணம் இருந்தால், கலெக்டர் விசாரணையை நிறுத்தி வைத்து, சிவில் கோர்ட்டில் வழக்கு போட அவகாசம் தருவார். அங்கே நிரூபித்துவிட்டால் பொருள் அவர்களுக்கு. வீடு உங்களுடையது, நகை அவர்களுடையது!

இதற்கு நகைக் கடை ரசீது, உயில், பாகப்பிரிவினை பத்திரம், கல்யாண போட்டோ எல்லாம் சாட்சியாக உதவும். காசில் உள்ள வருஷமும் பேசும். 1940 என்று அச்சான காசை அதற்கு முன்னால் யாரும் ஒளித்து வைத்திருக்க முடியாதே!

கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு

யாரும் வரவில்லை, அல்லது வந்தவர் கேஸ் தோற்றுவிட்டது என்றால், உரிமையாளர் இல்லாத பொருள் என்று கலெக்டர் அறிவிப்பார். அதன் பிறகுதான் பங்கு.

இதில்தான் பலருக்கும் தெரியாத ஒரு சமாச்சாரம் இருக்கிறது. கண்டெடுத்தவருக்கு 4-ல் 3 பங்கு. இடத்தின் சொந்தக்காரருக்கு 4-ல் 1 பங்குதான். இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதன்படி பிரியும். உங்கள் வீட்டில் நீங்களே எடுத்து, வேறு யாரும் உரிமை கோரவில்லை என்றால் முழுசும் உங்களுக்கே.

பொருள் தனக்கு வேண்டும் என்று அரசு நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா எடுக்க முடியாது. அந்த உலோகத்தின் மதிப்போடு 5-ல் 1 பங்கு கூட்டித் தர வேண்டும். 10 லட்ச ரூபாய் தங்கம் என்றால் 12 லட்சம். அதில் கண்டெடுத்தவருக்கு 9 லட்சம், இடத்துக்காரருக்கு 3 லட்சம்.

அமுக்கினால் ஜெயில்

தகவல் சொல்லாமல் மறைத்தால் உள்ள பங்கும் அரசுக்குப் போய்விடும். மறைத்தவருக்கு 1 வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது ரெண்டும். அதற்கு உடந்தையாக இருந்த இடத்துக்காரருக்கும் பங்கு போகும். 6 மாதம் வரை உள்ளே இருக்கணும்.

மத்திய பிரதேச மாநிலம் தார் நகரில் 2022-ல் நடந்தது இதுதான். பழைய வீட்டு இடிபாட்டில் வேலை செய்த கூலித் தொழிலாளிகள், கிடைத்த 86 தங்கக் காசை சொல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். விஷயம் வெளியே வந்து 8 பேர் கைதானார்கள். அன்றைக்கே கலெக்டர் ஆபீசில் சொல்லியிருந்தால், பங்கு கேட்டு தலை நிமிர்ந்து நின்றிருக்கலாம்.

திருச்சி திருவானைக்காவல் கோவிலில் 2020 பிப்ரவரியில் மண் தோண்டும்போது 505 தங்கக் காசு கிடைத்தது. எண்ணி, எடை போட்டு, முறைப்படி கருவூலத்துக்குப் போனது.

பத்திரத்தில் உள்ள அந்த வரி

நம்ம ஊர் பழைய கிரையப் பத்திரங்களில் "நிதி நிட்சேபம், ஜல பாஷாணம்..." என்று அஷ்டபோக பாத்தியங்களை அடுக்கியிருப்பார்கள். நிதி, நிட்சேபம் என்றாலே புதையலும், புதைத்து வைத்த பொருளும்தான். "அதான் எழுதிக் கொடுத்துட்டாரே" என்று நினைக்கலாம்.

விற்றவர் குடும்பம் கோர்ட்டுக்குப் போனால் அந்த வரி வாதத்துக்கு உதவலாம். ஆனால் அது விற்றவருக்கும் வாங்கினவருக்கும் இடையே உள்ள பேச்சு. கலெக்டருக்கு தகவல் சொல்ல வேண்டிய கடமையை அது ரத்து செய்யாது. ‘புதையல் பாத்தியம் எனக்கே’ என்று விற்றவர் தனக்கு ஒதுக்கி எழுதியிருந்தால், இடத்துக்காரர் பங்கு அவருக்குத்தான் போகும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை முழுசா படிங்க.

பீரோவில் இருந்தால்?

விட்டுப்போன பீரோ, பெட்டியில் நகை இருந்தால் அது புதையல் இல்லை. அது சுவரோடு சேர்ந்தது கிடையாதே! அது மறந்து விட்டுப்போன பொருள். விற்றவரைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியதுதான். சொந்தக்காரர் தெரிந்தும் அமுக்கினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவில் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயிலும் அபராதமும் உண்டு.

செல்லாத பழைய 500, 1000 ரூபாய் கட்டு கிடைத்தாலும் ஜாக்கிரதை. 2017-ல் வந்த சட்டப்படி 10 நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம்.

என்ன செய்யணும்?

எதுவும் கிடைத்தால் வேலையை நிறுத்துங்க. கிடைத்த இடத்தோடு போட்டோ எடுங்க. யார் எடுத்தது, எத்தனை உருப்படி என்று எல்லோர் முன்னாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. கழுவி, உருக்கி, உடைக்க வேண்டாம். வி.ஏ.ஓ., தாசில்தாருக்கு சொல்லி, கலெக்டருக்கு மனு கொடுத்து ரசீது வாங்குங்க.

அந்த ரசீது கையில் இருந்தால்தான் பங்கு கேட்க முடியும். அது இல்லாமல் அடகுக் கடைக்குப் போனால், கிடைத்த காசும் போகும், இருக்கிற மானமும் போகும்.