கிளட்ச் லிவர் 'பஞ்சு' மாதிரி இருக்கா? பிளேட்டை மாற்றும் முன் இதைப் பாருங்க... ஹைட்ராலிக் கிளட்ச்சில் காற்றை வெளியேற்றுவது எப்படி?

சிக்னலில் முதல் கியரில் நிற்கிறீர்கள். கிளட்ச் லிவரை முழுசாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனாலும் பைக் மெதுவாக முன்னால் நகரப் பார்க்கிறது. நியூட்ரல் விழ மறுக்கிறது. லிவரோ வழக்கமான இறுக்கம் இல்லாமல் 'கொழகொழ'வென்று உள்ளே போகிறது.

இந்த நிலையில் பைக்கை எங்காவது கொண்டுபோய் விட்டால் பல நேரம் வரும் முதல் பதில், "கிளட்ச் பிளேட் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பைக்காக இருந்தால், அந்த வேலைக்குச் சம்மதிக்கும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாமல், குழாய்க்குள் காற்று மட்டும் புகுந்திருக்கலாம்.

எந்த பைக்கில் இந்தப் பிரச்னை வரும்?

நம்மூர் சாலைகளில் ஓடும் ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் எல்லாம் கேபிள் கிளட்ச். அவற்றுக்கு இது பொருந்தாது. சுசுகி ஹயபுசா, கவாஸாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-14ஆர், கேடிஎம் 1290 சூப்பர் ட்யூக், டுகாட்டியின் பல மாடல்கள் ஆகியவற்றில் கேபிளுக்குப் பதில் திரவம் வேலை செய்கிறது. ஹேண்டில்பாரில் கிளட்ச் பக்கமும் பிரேக் பக்கம் போலவே ஒரு சின்ன ஆயில் டப்பா இருந்தால், அது ஹைட்ராலிக்.

காற்று புகுந்தால் என்ன ஆகும்?

ஒரு ஊசி சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். அசையவே அசையாது. அதே சிரிஞ்சில் காற்றை வைத்து அழுத்தினால் பாதி தூரம் உள்ளே போய்விடும். கிளட்ச்சில் நடப்பதும் இதேதான். லிவரைப் பிடித்ததும் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கீழே எஞ்சின் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், கிளட்ச் பிளேட்டுகளைப் பிரிக்கிறது. நடுவில் காற்றுக்குமிழி இருந்தால், உங்கள் கைவிசையில் ஒரு பகுதி குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பிளேட்டுகள் முழுசாகப் பிரியாது. பைக் நகரப் பார்ப்பது அதனால்தான்.

பிளேட் தேய்ந்ததா, காற்றா? எப்படித் தெரிந்துகொள்வது?

பலரும் குழம்புவது இங்கேதான். இரண்டும் நேரெதிர் அறிகுறிகள்.

பிளேட் தேய்ந்தால் கிளட்ச் 'ஸ்லிப்' ஆகும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதாவது, கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. காற்று புகுந்தால் கிளட்ச் சரியாக விடாது. லிவரைப் பிடித்தாலும் சக்தி சக்கரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கியர் 'டக்'கென்று சத்தத்தோடு விழும்.

இன்னொரு எளிய சோதனை உண்டு. லிவரை நாலைந்து முறை வேகமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். லிவர் கொஞ்சம் இறுகி, கிளட்ச்சும் ஒழுங்காகப் பிரிந்தால், சந்தேகம் காற்றின் மேல்தான்.

டப்பாவிலும் ஒரு தகவல் இருக்கிறது. பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். ஆனால் ஹைட்ராலிக் கிளட்ச்சில் பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுவதால், திரவ மட்டம் மேலே ஏறும். எனவே கிளட்ச் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால், அதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. எங்கோ கசிகிறது.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

தவறினால் செலவு வைக்கும் இடம் இது. டப்பா மூடியிலேயே பெரும்பாலும் 'டாட் 4' என்று எழுதியிருக்கும். அப்படியானால் அது பிரேக் ஃப்ளூயிட். ஆனால் மகுரா நிறுவனத்தின் சில கிளட்ச் அமைப்புகள் மினரல் ஆயிலில் இயங்குபவை. அதில் பிரேக் ஃப்ளூயிட் ஊற்றினாலோ, இதில் அதை ஊற்றினாலோ உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். டாட் 5, டாட் 5.1 இரண்டும் பெயரில்தான் பக்கம் பக்கம். டாட் 5 சிலிக்கான் வகை. டாட் 4-உடன் கலக்கவே கூடாது.

எப்போதோ திறந்து வைத்த பாட்டிலும் வேண்டாம். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கலாம். ஸ்லேவ் சிலிண்டர் இருப்பதோ எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில். காலையில் நன்றாக இருக்கும் லிவர், நெரிசலில் ஊர்ந்து எஞ்சின் சூடான பிறகு மட்டும் தளர்ந்தால், காற்றை எடுத்தால் போதாது; பழைய திரவம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

காற்றை வெளியேற்றுவது எப்படி?

பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, டப்பா சமமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொள்ளுங்கள். டேங்க் மேல் பழைய துணியைப் போட்டு மூடுங்கள். பிரேக் ஃப்ளூயிட் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

ஸ்லேவ் சிலிண்டரில் ரப்பர் மூடியோடு ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் பொருந்தும் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் ட்யூபைச் செருகுங்கள். ட்யூபின் மறுமுனை, கொஞ்சம் ஃப்ளூயிட் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலே டப்பா மூடியைத் திறந்து, மட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லிவரை மெதுவாகச் சில முறை அழுத்தி, பிடித்தபடியே நிறுத்துங்கள். நிப்பிளைக் கால் சுற்று, அதிகபட்சம் அரைச் சுற்று தளர்த்துங்கள். திரவமும் குமிழிகளும் ட்யூபில் வரும், லிவர் கிரிப் வரை போய்விடும். இப்போது லிவரை விட்டுவிடாதீர்கள். முதலில் நிப்பிளை மூட வேண்டும், பிறகுதான் லிவரை விட வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் வேலை சுலபம்: ஒருவர் லிவர், மற்றவர் ஸ்பேனர்.

குமிழி நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கிளட்ச் டப்பா சின்னது, சீக்கிரம் காலியாகும். இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை நிரப்பாமல் விட்டால், அங்கிருந்தே புதிய காற்று இறங்கி, செய்த வேலை எல்லாம் வீண்.

எவ்வளவு செய்தும் லிவர் இறுகவில்லையா?

காற்று மேலே ஏறும் குணம் உள்ளது. நாமோ அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். அதனால் கடைசிக் குமிழி மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய போல்ட் பக்கமே தங்கிவிடுவது உண்டு. அதற்கு, சிரிஞ்சில் புதிய ஃப்ளூயிடை எடுத்து, கீழே நிப்பிள் வழியாக மெதுவாக மேலே ஏற்றும் முறை நன்றாக உதவும். பழைய திரவத்தை டப்பாவிலிருந்து முதலில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வழிந்து டேங்கில் கொட்டும்.

லிவரை ராத்திரி முழுக்கக் கயிறு போட்டுக் கட்டி வைக்கும் பழக்கமும் ரைடர்களிடம் இருக்கிறது. சின்னச் சின்னக் குமிழிகளுக்குப் பலன் தரலாம். ஆனால் நிப்பிள் வழியாகச் செய்யும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள். அழுத்தி முறுக்கினால் அது உடைந்துபோகும். பிறகு காலி இடத்தில், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் கியர் போட்டுப் பாருங்கள். லிவரைப் பிடித்திருக்கும்போது பைக் இழுக்கக் கூடாது.

ஒரு வாரத்தில் லிவர் மறுபடி தளர்ந்தால் திரும்பவும் காற்றெடுப்பதில் பயனில்லை. ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றியும், மேலே லிவர் அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சீல் போயிருக்கிறது. அதை மாற்றும்வரை நெரிசலான சாலைக்கு அந்த பைக்கை எடுக்காமல் இருப்பதே நல்லது.