மாடியில் மட்டும் ஏன் நெட் வரவில்லை?

வீட்டில் நெட் வரவில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது ஒரு குண்டூசியை. ரவுட்டரின் பின்புறம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அந்தத் துளையைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, அந்தத் துளையை அழுத்துவது வேறு. ஊசியால் அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் அமைப்புகள் எல்லாம் அழிந்து, அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். இணைப்புக் கொடுத்தவர் முதல் நாள் பதித்துவிட்டுப் போன பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற எண்கள் எதுவும் மிஞ்சாது. சிறு பழுதோடு தத்தளித்துக்கொண்டிருந்த இணைப்பு, ஆள் வந்து மறுபடி பதிக்கும்வரை முழுதாக நின்றுவிடும். சனிக்கிழமை மாலை அழுத்தியவர்கள் திங்கட்கிழமைவரை காத்திருக்க நேரிடும்.

பெட்டியை அணைத்து, முப்பது விநாடி விட்டு, மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். அதற்குமேலும் வரவில்லையென்றால் பழுது எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும்.

தெருக்கம்பத்திலிருந்து நம் கைப்பேசிவரை இணையம் பல கைமாறி வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு ஃபைபர் கம்பி, அதை வாங்கும் பெட்டி, அதிலேயே அல்லது அதையடுத்து ரவுட்டர், அங்கிருந்து கேபிள் அல்லது வைஃபை, கடைசியில் கைப்பேசி. எல்லார் கைப்பேசியிலும் வரவில்லையா, ஒருவர் கைப்பேசியில் மட்டும் வரவில்லையா, மாடியில் மட்டும் வரவில்லையா? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். ஒரு கைப்பேசி மட்டும் தகராறு செய்தால் ரவுட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கைப்பேசியில் வைஃபை பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகக் கடவுச்சொல் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் வரவில்லையென்றால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், அல்லது சிமிட்டினால், கம்பி வழியாக ஒளியே வரவில்லை என்று பொருள். அதற்குமேல் நீங்கள் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. தெருவில் உயரமான லாரி கம்பியை இழுத்துப் போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே பீரோவைச் சுவரோடு தள்ளி வைத்தபோது கம்பி மடிந்திருக்கலாம். ஃபைபர் என்பது முடியளவே தடிமனுள்ள கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் ஒளி அந்த மடிப்பிலேயே வெளியேறிவிடும். மடிப்பை நீக்கிப் பெரிய வளையமாகச் சுற்றி வைத்ததும் சிவப்பு விளக்கு அணைவதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து.

விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தும் பெட்டி தானாக அணைந்து அணைந்து எழுகிறதென்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வெயில் காலத்தில் வாரக்கணக்கில் சூட்டில் கிடக்கும் மலிவான அடாப்டர் மெல்ல வலுவிழக்கும். விளக்கு எரியப் போதுமான மின்சாரத்தை அது தரும். நான்கு பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கத் தொடங்கினால் தாங்காது. மாற்று அடாப்டர் வாங்கும்போது பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். முள் பொருந்துகிறது என்பதற்காக 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகுவது பல வீடுகளில் நடக்கிறது.

இனி மாடிக்கு வருவோம். ஒரே இணைப்பை வீடு முழுவதும் பகிர்வதில்தான் இன்றைய குழப்பங்களில் பெரும்பகுதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களில் இருந்த பிரவுசிங் சென்டர்கள் நினைவிருக்கும். ஒரே தொலைபேசி இணைப்பு, அதோடு சேர்ந்த ஒரு கணினி, அங்கிருந்து ஹப் என்ற சிறு பெட்டி, அதிலிருந்து வரிசையாக அறைகளுக்குக் கேபிள். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைய இணைப்பைப் பகிரும் வசதி உள்ளேயே இருந்தது. அதை இயக்கியதும் அந்த முதல் கணினி 192.168.0.1 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு அடுத்தடுத்த எண்களைத் தானே வழங்கும். அந்த முதல் கணினியை யாராவது அணைத்துவிட்டால் கடை முழுக்க இணையம் போய்விடும்.

ஹப்புக்கு மூளை கிடையாது. ஒரு துளை வழியாக வருவதை மற்ற எல்லாத் துளைகளுக்கும் அப்படியே அனுப்பும். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாகப் பேசிவிட்டால் இரண்டு செய்தியும் சிதையும். இருவரும் ஆளுக்கொரு இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும். ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973-இல் தொடங்கிய ஈதர்நெட், எல்லாரும் ஒரே கம்பியைப் பகிரும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. பழுதான நெட்வொர்க் கார்டு ஒன்று இடைவிடாமல் குப்பையை அனுப்பத் தொடங்கினால் கடையில் எல்லாரும் முடங்குவார்கள். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் மற்றவை உயிர்பெறுகின்றன என்று பார்ப்பார்கள். இன்றைக்கும் அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஹப்பின் இடத்தை சுவிட்ச் பிடித்தது. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று சுவிட்ச் கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். ஆனால் ஒரே கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக அதே சுவிட்சில் செருகிவிட்டால், வீட்டில் பயன்படும் சாதாரண சுவிட்சுகள் திண்டாடிப் போகும். ஒரு செய்தி அதற்குள்ளேயே முடிவில்லாமல் சுற்றும், எல்லா விளக்குகளும் வெறித்தனமாகச் சிமிட்டும், இணையம் நிற்கும். வீடு பெருக்கும்போது தொங்கிய கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு யாரோ செருகியிருப்பார்கள்.

அடுத்தது எண்கள். பழைய முறையில் இணையத்தில் உள்ள முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. அவை போதாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டதால், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்தச் சில எண்களை ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒரு வகை. தபால்காரருக்கு வீட்டின் கதவு எண் ஒன்றுதான் தெரியும். வந்த கடிதங்களில் எது யாருக்கு என்று உள்ளே பிரித்துக் கொடுப்பவர் வீட்டில் இருக்க வேண்டும். ரவுட்டர் செய்வது அந்த வேலை. உள்ளே நுழையும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் எண் வழங்குவதும் அதன் வேலைதான். அதற்கு டிஎச்சிபி என்று பெயர். உங்கள் வீட்டு ரவுட்டரும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் ஒரே 192.168.1.1 என்ற எண்ணை வைத்திருந்தாலும் மோதல் இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர்கள் அப்படி இருந்தால் மோதல்தான்.

இதுதான் மாடி வீடுகளில் நடக்கிறது. கீழே ஃபைபர் பெட்டி. மாடியில் சிக்னல் இல்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து, லேன் என்று எழுதிய துளையில் செருகிவிடுகிறோம். முதல் நாள் ஓடும். மறுநாள் மகளின் கைப்பேசியில் வரும், தாத்தாவின் கைப்பேசியில் வராது. இரவில் வரும், காலையில் வராது. இப்போது வீட்டில் எண் வழங்குபவை இரண்டு. கைப்பேசி கேட்டதும் எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் சொல்லைக் கேட்டு நடக்கிறது. மாடிப் பெட்டி முந்தினால், “வெளியே போக என்னிடம் வா” என்று அது சொல்லும். அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. சிக்னல் முழுதாகக் காட்டும், பக்கம் திறக்காது. நெட் நிறுவனத்தின் மீது கோபப்பட இதில் எதுவுமில்லை.

சரிசெய்வது கடினமல்ல. மாடிப் பெட்டியை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றித் தனியாக மடிக்கணினியோடு கேபிளால் சேர்த்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். ஆக்ஸஸ் பாயின்ட் என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, பெட்டியின் எண்ணை 192.168.1.2 போல வேறொன்றாக மாற்றுங்கள். கீழ்ப் பெட்டி வழங்கும் எண்களின் வரிசைக்குள் அது வரக்கூடாது. பிறகு கீழிருந்து வரும் கேபிளை மாடிப் பெட்டியின் லேன் துளையில் செருகுங்கள். இந்த மாற்றங்களைச் செய்யாமல் டபிள்யூஏஎன் என்ற தனித்துளையில் செருகினால், மாடி தனியொரு வலையமைப்பாகிவிடும். இணையம் வரும், ஆனால் மாடியிலிருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியாது, கைப்பேசிப் படத்தைக் கூடத்து டிவியில் காட்ட முடியாது. “நெட் வருகிறது, பிரின்ட் மட்டும் போகவில்லை” என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான்.

கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ஐபி எண் 169.254 என்று தொடங்கினால், எண் வழங்க யாரும் பதில் தரவில்லை, கருவியே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம். எண் சரியாக இருந்து, கணினியில் 8.8.8.8-க்கு பிங் என்ற சோதனைச் செய்தி போய்த் திரும்பி, இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் குறை, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். அங்கே 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். முனையை அழுத்தியவர் மற்ற நான்கில் ஒரு கம்பியைச் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் இணைப்பு பெரும்பாலும் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும், கேபிளில் சோதித்தால் 95-ஐத் தாண்டவில்லையென்றால், காரணம் அநேகமாக அந்த முனை அல்லது 100-க்கு மேல் தாங்காத பழைய சுவிட்ச்.

வைஃபையில் நிலைமை வேறு. பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்: கேபிளில் ஒழிந்துபோன ஹப்பின் குறை காற்றில் இன்னும் இருக்கிறது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மெதுவான பழைய கைப்பேசி ஒன்று பேசி முடிக்க அதிக நேரம் எடுத்தால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அடுக்ககத்தில் பக்கத்து வீடும் அதே சேனல் என்றால் அவர்களுக்காகவும் காத்திருக்கிறோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். கான்கிரீட் தளத்தை ஊடுருவுவதில் மட்டும் பலவீனம். இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவிக்கு அடியில், மூடிய அலமாரிக்குள் ரவுட்டரை ஒளித்து வைப்பது நாமே சிக்னலுக்குச் சுவர் கட்டுவதுதான். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். சிக்னலைத் திரும்ப அனுப்பும் மலிவான ரிப்பீட்டர் பெரும்பாலும் ஒரே ரேடியோவால் வாங்கி அதனாலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகக் குறையும். மாடிப்படி வழியாக ஒரு கேபிள் இழுப்பது, அதைவிட நெடுநாள் உழைக்கும்.

வாடகைக்குக் குடியிருப்பவரோடு இணைப்பைப் பகிர்பவர்கள் ஒரு நிகழ்வை நினைவில் வைக்க வேண்டும். 2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சலைத் தேடிப் போன காவல்துறை, நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாத ஒரு வீட்டு வைஃபையில் போய் நின்றது. நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது நம் வீட்டில்தான். விருந்தினர் வலையமைப்பு என்ற தேர்வு இப்போது பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதைக் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தருவதைப் பொதுவாக ஒப்பந்தமே தடுக்கிறது.

இணைப்புக் கொடுக்க வரும் தம்பியிடம் அவர் கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல், இணைப்பின் பயனர் பெயர், வாடிக்கையாளர் எண். ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் பெட்டியின் விளக்குகளையும், எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் நின்ற நாளில் எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று அந்தப் படத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால், புகாரை வாங்குபவரும் உங்களை வீணாக அலைக்கழிக்க முடியாது.