சொன்னதைச் செய்யும் கணினி



முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று கற்பித்த நான், ஓய்வு பெற்ற பின்னர் மீண்டும் மாணவனாகி, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயிலத் தொடங்கினேன். அக்கல்வியில் நான் அடைந்த பயனையும், நேர்ந்த இழப்பையும் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இயங்குதளம் என்பது யாது? நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய கணினியின் உறுப்புகளைச் செயலிகளுக்கு முறையாகப் பங்கிட்டு அளிக்கும் மேலாளனே அது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். அதன் நெறியைத் தழுவி, 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருநிரலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. உங்களைப் போன்ற ஒரு மாணவர்தாம் என்பதை மறவாதீர்கள். அதனை எவரும் பெறலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம்.

புதிதாகத் தொடங்குவோர் அதனை உடனே வட்டில் நிறுவிவிட வேண்டுவதில்லை. பென்டிரைவில் பதித்து, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பழகலாம். பின்னர் நிறுவ முற்படுங்கால், வட்டிலுள்ளவை அழிந்துபோகக் கூடுமாதலின், முன்னரே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இனி, முனையம் என்னும் சாளரத்தைத் திறந்து கட்டளைகளைப் பயில்வோம். லினக்ஸில் கோப்புகள் யாவும் ஒரு மரம் போல அமைந்துள்ளன. வேரிலிருந்து கிளைகளாய்க் கோப்புறைகள் பிரிகின்றன. 'பிடபிள்யூடி' என்று தட்டினால், நாம் எக்கிளையில் நிற்கின்றோம் என்பது தெரியும். 'எல்எஸ்' அங்குள்ளவற்றைப் பட்டியலிடும். 'சிடி' வேறு கிளைக்கு அழைத்துச் செல்லும். 'சிபி' படியெடுக்கும். 'மேன்' என்பதோடு ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்துத் தட்டினால், அக்கட்டளையின் விளக்கம் வரும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறாகும். இக்கட்டளைகளைச் சிறிய எழுத்திலேயே தட்டுதல் வேண்டும்.

'ஆர்எம்' என்பது அழிக்கும் கட்டளை. என் அன்னையார் பாடிய பதினேழு தாலாட்டுகளை நினைவிலிருந்து தட்டெழுதி, தனித்தனிக் கோப்புகளாக வைத்திருந்தேன். ஒருநாள், 'பழைய' என்று தொடங்கும் பெயருடைய வரைவுகளை மட்டும் நீக்கக் கருதி, அச்சொல்லின் பின் உடுக்குறியை இட்டேன். உடுக்குறி, 'எதுவாயினும்' எனப் பொருள்படும். ஆனால், சொல்லுக்கும் குறிக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினியோ, 'பழைய' என்ற கோப்பையும், பின்னர் எல்லாக் கோப்புகளையும் அழிக்குமாறு நான் பணித்ததாகக் கொண்டது. குப்பைத்தொட்டியில் தேடினேன், அங்கே ஒன்றுமில்லை. இக்கட்டளை அங்கே எதனையும் இடுவதில்லை. மீண்டும் எழுத அமர்ந்தபோது பதினான்கே நினைவுக்கு வந்தன. எழுதிவிட்டோமே என்று மனம் மற்ற மூன்றையும் நழுவவிட்டிருந்தது.

கணினியின்மீது நான் குறைகூற இயலுமா? சொன்னதை அது செய்தது. சொன்னவன்தான் பிழைபட்டான். ஆகவே, அழிக்குமுன் அதே குறியை 'எல்எஸ்' கட்டளையோடு இட்டு, எவை அகப்படுகின்றன என்று பாருங்கள். 'ஆர்எம்' என்பதன்பின் இடைவெளி விட்டு, சிறுகோட்டையும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்தால், ஒவ்வொன்றையும் அழிக்குமுன் அது உங்களைக் கேட்கும். அருமையானவற்றின் படி ஒன்று வேறிடத்தில் என்றும் இருக்கட்டும்.

அஞ்சாது தொடங்குங்கள், ஆராய்ந்து கட்டளையிடுங்கள்.